ஒற்றைச் சோடிப் படத்தை வைத்து எங்கள் கரைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு மூன்று வாரமாகத் திருகோணமலையில் எல்லோருடைய போனிலும் ஒரு சோடிப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் நிலாவெளிக் கரை, செய்மதியிலிருந்து எடுத்தது, அகலமான வெள்ளை மணல். வலப்பக்கம் அதே இடம், மணல் நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நடுவில் சிவப்பு அம்புக்குறி, மேலே "பத்து வருடத்தில் கடல் விழுங்கிய நிலாவெளி" என்று கொட்டை எழுத்தில். எனக்கு அதை என் தம்பி அனுப்பினான், என்னிடம் படித்த பிள்ளைகள் பத்துப் பேராவது அனுப்பினார்கள், கடைசியில் மரக்கறிக் கடைத் தம்பியும் காட்டினான். பிறகு உங்கள் வாசகர் பக்கத்திலும் அதை வைத்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒருவர் உடனே கருங்கல் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்கிறார், மற்றவர் கரையோரத்தில் வீடு வைத்திருப்பவர்களை எழுப்ப வேண்டும் என்கிறார்.

நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் மூலையில் எறும்பு எழுத்தில் திகதி இருக்கிறது. இடப்பக்கப் படம் ஓகஸ்ட் மாதத்தில் எடுத்தது. வலப்பக்கப் படம் ஜனவரி.

எங்கள் கரையில் வளர்ந்த யாருக்கும் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் போனில் பார்த்துப் பயந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் மாரி தொடங்கினால், கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றோடு வருகிற செங்குத்தான அலை மணலை வாரி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அது எங்கோ தொலைந்துபோவதில்லை, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்கு அடியில் ஒரு திடலாகப் படுத்துக்கொள்ளும். பங்குனி சித்திரையில் கடல் அடங்கிய பிறகு சின்னச் சின்ன அலை அதை மெல்ல மெல்லத் திரும்பக் கரைக்கு ஏற்றும். என் அப்பா கரைவலை இழுத்தவர். மாரியில் தோணி இறக்க முடியாமல் வாடியில் குந்தியிருக்கும்போது, கொஞ்ச தூரத்தில் வெள்ளையாக அலை உடைகிற கோட்டைக் காட்டி, "மண் எங்கயும் போகேல்லை மகள், உந்தா உதில படுத்திருக்கு" என்பார். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். அதே வெள்ளைக் கோட்டை அறுபது வயதில் செய்மதிப் படத்தில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஜனவரிப் படத்திலும் அது தெளிவாக இருக்கிறது, அம்புக்குறி போட்டவர் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

நிலாவெளிக் கரை தேயவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தேயலாம், வளரலாம், ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் வளரலாம். ஓகஸ்ட்டையும் ஜனவரியையும் பக்கத்தில் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் என் பேச்சு. ஓகஸ்ட்டோடு ஓகஸ்ட்டை வையுங்கள். ஒன்றிரண்டு போதாது, ஒரு இருபது முப்பது ஓகஸ்ட்டை வையுங்கள். அந்தப் படங்கள் எல்லாம் இருக்கின்றன, சும்மா கிடைக்கின்றன, ஒரு சதம் கட்ட வேண்டியதில்லை. இதைத்தான் நான் இந்தக் கடிதத்தில் விளக்கமாக எழுத நினைத்தேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவள். எங்கள் காலத்தில் வகுப்பில் கரையோர நிலவுருவங்கள் என்றால் புத்தகத்தில் இருந்த கோட்டுப் படம்தான். மணல் நாக்கு, தடுப்புத் திட்டு, களப்பு என்று பலகையில் வரைவேன், பிள்ளைகள் கொப்பியில் வரைவார்கள். ஜன்னலுக்கு வெளியே அதே சாமான் உயிரோடு கிடந்தது, ஆனால் மேலிருந்து பார்க்க வழியில்லை. ஓய்வுக்குப் பிறகு என் பழைய மாணவி ஒருத்தி, கம்பஸில் நிலவரைபட வேலை படித்தவள், ஒரு லீவில் வந்து என் வீட்டு மேசையில் லப்டொப்பை வைத்து எனக்குச் சொல்லித்தந்தாள். இப்போது ஐந்து வருடமாக நான் வாரத்தில் ஒரு நாளாவது இதில் உட்காருகிறேன்.

அமெரிக்கர்களின் லாண்ட்சாட் செய்மதி வரிசை 1972 ஜூலையில் தொடங்கியது. 2008 முதல் அதன் பழைய படங்கள் உட்பட எல்லாமே இலவசம். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செய்மதி 2015இல் போனது, 2017இல் அதன் சோடியும் போனபிறகு ஐந்து நாளைக்கு ஒருதரம் எங்கள் தலைக்கு மேலால் கடக்கிறது, அதுவும் இலவசம். லாண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், எங்கள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 35 பேர்ச் காணி முழுவதும் ஒரே நிறப் புள்ளி. சென்டினலில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 4 பேர்ச் மட்டில். ஆகவே "என் வேலி எட்டு அடி போய்விட்டது" என்பதை இதில் ஒரு படத்தில் பார்க்க முடியாது. ஆனால் பல வருடத்துப் படங்களை ஒன்றாக எடுத்தால் கரை எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியவரும், ஒவ்வொரு படத்திலும் இருக்கிற சின்னப் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இதில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. குஜராத்தின் காம்பே வளைகுடாப் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் 10 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அங்கே செய்மதி எத்தனை மணிக்குப் படம் எடுத்தது என்பதைப் பொறுத்துக் கரை கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும். திருகோணமலையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. அரை மீட்டர் தண்ணீர் ஏறினாலும், பத்துக்கு ஒன்று சரிவான மணலில் தண்ணீர்க் கோடு ஐந்து மீட்டர்தான் நகரும், அது சென்டினல் புள்ளியில் பாதி. இவ்வளவு வசதியான கரையை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் சோடிப் படத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்க வேண்டும்?

கரைக்கோட்டை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்பது எளிதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் மேல்மட்டத்திலேயே குடித்துவிடும், மணல் திருப்பி எறியும். அந்த ஒளியில் எடுத்த படத்தில் கடல் கறுப்பு, மணல் வெள்ளை. கோடு தானாகவே தெரியும்.

தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுதான் உண்மையில் ருசியான வேலை. சூரிய ஒளியில் சிவப்பு முதல் சில மீட்டருக்குள் அடங்கிவிடும், பச்சை இன்னும் கீழே போகும், நீலம் எல்லாவற்றையும் விட ஆழத்துக்குப் போய்த் தரையில் பட்டுத் திரும்பும். தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தால் 20, 25 மீட்டர் வரைக்கும் அடித்தரை படத்தில் ஒரு தடயம் விடும். பச்சை எவ்வளவு மங்கியிருக்கிறது, நீலம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டால் ஆழத்தைக் கணக்கிடலாம். இது புதுக் கதையும் இல்லை. 1975இலேயே பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ நாசாவோடு சேர்ந்து பஹாமாஸ் பக்கம் இதைச் சோதித்தார். அவருடைய கப்பல் கீழே நின்று ஆழம் அளந்தது, மேலே லாண்ட்சாட் படம் எடுத்தது. தெளிந்த தண்ணீரில் 22 மீட்டர் வரை செய்மதியால் ஆழம் சொல்ல முடியும் என்று தெரிந்தது.

புறாமலையைப் போட்டுப் பாருங்கள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்த அந்தச் சின்னத் தீவு, நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆனி, ஆடி மாதத்துப் படம் ஒன்றில், முகில் இல்லாத காலையில், தீவைச் சுற்றி இளம் பச்சை, அதற்கு வெளியே மயில்கழுத்து நிறம், அப்புறம் கடும் நீலம் என்று படிப்படியாக இறங்கும். இளம் பச்சைக்குள் கபிலக் கறைகள் திட்டுத் திட்டாக இருக்கும், அவை முருகைக்கல் பார்கள். தீவுக்கு வெளியே இருந்து வருகிற நீள அலைகள் தீவைத் தொட்டதும் இரண்டு பக்கமும் வளைந்து பின்னால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதுகூடத் தெரியும். அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தால் வேகம் குறைந்து நெருங்கிவிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர்கள் விமானப் படங்களில் அலைக்கும் அலைக்கும் இடைத்தூரத்தை அளந்துதான், எதிரியின் கையில் இருந்த கரைகளின் ஆழத்தைக் கணித்தார்கள். நிறத்தை நம்ப முடியாத கலங்கல் தண்ணீரிலும் அலையை நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏனென்றால் நிறம் ஏமாற்றும். நானே ஏமாந்திருக்கிறேன். புறாமலைக்குத் தெற்கே ஒரு கரும் திட்டைப் பார்த்துவிட்டு, கணக்கும் போட்டு, இது ஆழமான குழி என்று முடிவெடுத்திருந்தேன். எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் நாற்பது வருடமாக அந்தக் கடலில் வலை போடுகிறவர். முதலில் படத்தை அவருக்கு விளங்கவில்லை, திசை பிடிபடவில்லை. போனைத் திருப்பி வைத்து, "இது கோணேசர் மலை, இது சல்லி, இது இறக்கக்கண்டிப் பாலம்" என்று விரலால் காட்டினேன். பாலத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை, அவரே விரலை வைத்து இந்தப் பார், அந்தப் பார் என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார். என் கரும் திட்டுக்கு வந்ததும் சிரித்தார். "ரீச்சர், இது குழி இல்லை. சாதாளை. இரண்டு பாகம் தண்ணி கூட இல்லை. ஓரா மீன் மேயிற இடம்" என்றார். கடற்புல் ஒளியைக் குடித்துவிடுவதால் கணினிக்கு அது ஆழமாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அவருடைய வள்ளத்தில் போய்க் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பார்த்தேன். மூன்று மீட்டரும் சொச்சமும். கயிற்றை இழுத்தபோது குண்டோடு நாடா மாதிரிப் பச்சை இலை இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை நான் இன்னும் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

இதற்கு நேரெதிரான ஏமாற்று கொட்டியாரக் குடாவில் இருக்கிறது. 335 கிலோமீட்டர் ஓடி வருகிற மகாவலி அங்கேதான் கடலில் விழுகிறது. மாரி வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த படத்தைப் பார்த்தால், குடாவுக்குள் பெரிய மண்ணிறத் திட்டு ஒன்று கைவிரல் மாதிரி விரிந்து கிடக்கும். தெரியாத ஒருவர் பார்த்தால் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்மேடு, நாளைக்கே அதில் நடந்து போகலாம் என்று நினைப்பார். அது சேற்றுத் தண்ணீர், மேலே மிதக்கிற கலங்கல். அதற்குக் கீழேதான் எங்கள் குடாவின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி வெளிக்கடல் நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. உலகத்துக் கப்பல்கள் எல்லாம் இந்தத் துறைமுகத்துக்கு ஆசைப்பட்டதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். படத்தில் மேடு, உண்மையில் பாதாளம்! பத்து நாள் கழித்து எடுத்த படத்தைப் பார்த்தால் "மணல்மேடு" கரைந்து போயிருக்கும். ஒரே ஒரு படத்தை வைத்திருப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை.

கனடாவின் லப்ரடோர் கரைக்கு அப்பால் ஒரு தீவுக்கு லாண்ட்சாட் தீவு என்றே பெயர். 1976இல் செய்மதிப் படத்தில்தான் அது முதன்முதலில் அகப்பட்டது. 25 மீட்டருக்கு 45 மீட்டர், அந்தக் காலத்துப் படத்தின் ஒரு புள்ளியை விடச் சின்னது. அது உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஒரு நில அளவையாளரை ஹெலிகொப்டரிலிருந்து வாரில் கட்டி இறக்கினார்கள், அங்கே படுத்திருந்த பனிக்கரடி அவரை நோக்கிக் கையை ஓங்கியது. என்றாலும் ஒரு ஆள் போய்ப் பார்த்த பிறகுதான் அது வரைபடத்தில் ஏறியது. எங்கள் கடலில் கரடி இல்லை. போய்ப் பார்க்க வள்ளமும் இருக்கிறது, வழிகாட்ட ஆட்களும் இருக்கிறார்கள்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் உள்ள மணல்திட்டுகளைப் பற்றிச் செய்மதிப் படத்தை வைத்து எவ்வளவு சண்டை நடந்தது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அந்தச் சண்டையில் பலர் படத்தை மட்டும் வைத்தே பேசினார்கள். 2024இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் வேறு விதமாக வேலை செய்தார்கள். 2018இல் நாசா அனுப்பிய ஐஸ்சாட்-2 செய்மதி பச்சை நிற லேசர் ஒளியைக் கீழே அனுப்பும், அது தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒருதரமும் அடித்தரையில் ஒருதரமும் பட்டுத் திரும்பும், இரண்டுக்கும் உள்ள நேர இடைவெளியில் ஆழம் கிடைத்துவிடும். அந்தச் செய்மதி ஐந்து வருடமாகச் சேர்த்த தரவை வைத்து 29 கிலோமீட்டர் நீளத் திட்டு முழுவதற்கும் கடலடி வரைபடம் போட்டார்கள். எங்கள் பக்கத்து ஆழமில்லாத கடலிலேயே இது நடந்திருக்கிறது. அதே லேசர்த் தரவு திருகோணமலைக் கரைக்கும் இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. செய்மதிகளை பூமிக்கு மேல் 36,000 கிலோமீட்டர் அளவில் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி நிறுத்தி உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அதே மனிதர்தான் 1956இல் எங்கள் கோணேசர் மலைக்குக் கீழே முக்குளித்து, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் மைக் வில்சனோடு சேர்ந்து கண்டவர். வானத்தையும் எங்கள் கடலின் அடியையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார். நான் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கதை விடுகிறேன் என்று நினைப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், பிழையான படம் பிழையான கல்லைக் கொண்டுவரும். ஒரு இடத்தில் கருங்கல் கொட்டினால் அந்த இடம் தப்பும், மணல் ஓடுகிற வழி அடைபட்டுப் பக்கத்து ஊர் தேயும். ஒலுவிலைப் பாருங்கள். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். அலைதாங்கியின் தெற்கே மணல் மலையாகக் குவிந்தது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அறுந்து தென்னை மரங்கள் சாய்ந்தன, துறைமுகத்தின் வாயையே மணல் அடைத்தது. இதை செய்மதிப் படங்களில் வருடம் வருடமாக வைத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்குக்கூட விளங்கும். கட்டுவதற்கு முன்பு இருந்த இருபது வருடத்துப் படங்களும் அங்கேயே கிடக்கின்றன, மணல் எந்தப் பக்கம் நடக்கிறது என்று அவற்றிலேயே தெரிந்திருக்கும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தரைப்பக்கம் 300 மீட்டரையும் கடல்பக்கம் 2 கிலோமீட்டரையும் கரையோர வலயம் என்கிறது. அந்த 2 கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தரையில் ஒரு பேர்ச்சுக்கு வழக்குப் போகிறோம், தண்ணீருக்கு அடியில் இருக்கிற திடலைப் பற்றிக் கேள்வியே இல்லை, ஆனால் மாரி அலையை முதலில் வாங்கி உடைத்து எங்கள் வீட்டைக் காப்பாற்றுவது அந்தத் திடலும் பாரும்தான்.

இறக்கக்கண்டி முகத்துவாரத்தை நான் தனியாகப் பின்தொடர்ந்து வருகிறேன். மாதத்துக்கு ஒரு படம், முகில் விட்டால். மாரியில் பல மாதம் முகில் விடாது. இதுவும் கவனிக்க வேண்டிய விஷயம், எங்கள் ஊருக்குக் கிடைக்கிற தெளிவான படங்களில் பெரும்பங்கு வெயில் மாதத்தில் எடுத்தவை, ஆகவே கரையின் நல்ல முகத்தைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். முகிலை ஊடுருவுகிற ராடார்ச் செய்மதி உண்டு, 2014இலிருந்து சென்டினல்-1 அதைச் செய்கிறது, ஆனால் அது தண்ணீருக்குள் பார்க்காது, கரைக்கோடு மட்டும் காட்டும். அப்படிச் சேர்த்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால், வெயில் மாதங்களில் மணல் நாக்கு நீண்டு வாய் ஒடுங்குவதும், வெள்ளம் வந்ததும் வாய் அகன்று வெளியே அரை வட்டமாக ஒரு திட்டு விழுவதும், அந்தத் திட்டு அடுத்த வைகாசிக்குள் கரைந்து கரையோடு சேர்வதும் சீராக வருகிறது. ஒரு வருடம் மட்டும் நாக்கு திரும்ப வளரப் பிந்தியது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வருடம் அலையா, மண் அள்ளினார்களா என்று கேட்டு அலைகிறேன்.

கூகுள் எர்த்தை வைத்துப் பழைய படம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் ஒரு ஊரின் படம் பல நாள்களில் எடுத்த துண்டுகளை ஒட்டித் தைத்ததாக இருக்கலாம், கடலும் கரையும் வெவ்வேறு மாதமாக இருக்கலாம். 1984இலிருந்து ஓடுகிற அந்த வருடவாரிக் காட்சியில் ஒரு வருடத்தை ஒரே படமாகக் கலக்கிவிடுகிறார்கள், மாரியும் கோடையும் ஒன்றாகிவிடும். நகரம் வளர்ந்ததைப் பார்க்க அது நல்லது. எங்கள் மாதிரிக் கரைக்கு அது போதாது. அதேபோல் லாண்ட்சாட் 7 படங்களில் 2003 மே மாதக் கடைசிக்குப் பிறகு சாய்வான கறுப்புக் கோடுகள் விழும், அது கருவியில் வந்த பழுது. யாரோ ஒருவர் அதைக் கடலில் போட்ட குழாய் என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். இனிமேல் செய்மதிப் படம் ஏதும் பிரசுரித்தால் அதன் கீழே எந்தச் செய்மதி, எந்தத் திகதி என்று ஒரு வரி போடுங்கள். இரண்டு படம் போட்டால் இரண்டும் ஒரே மாதமா என்று பாருங்கள், இல்லையென்றால் போடாதீர்கள். கடலைப் பற்றிய படமென்றால் அந்தக் கடலில் தொழில் செய்கிற ஒருவரிடம் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. மீன்பிடிச் சங்கங்களுக்குப் போனால் போதும், காலையில் பத்து மணிக்குப் பிறகு எல்லோரும் வலை தைத்துக்கொண்டு இருப்பார்கள்.

பள்ளிக்கூடங்களில் கணினி அறை இருக்கிறது, பல இடங்களில் அது பூட்டியே கிடக்கிறது. உயர்தரத்தில் புவியியல் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு ஊர், ஒரு முகத்துவாரம், ஒரு பார் என்று பிரித்துக் கொடுங்கள். சல்லிப் பிள்ளைகள் சல்லியைப் பார்க்கட்டும், மூதூர்ப் பிள்ளைகள் மகாவலி வாயைப் பார்க்கட்டும், கிண்ணியாப் பிள்ளைகள் தம்பலகாமக் குடாவின் கண்டல் காடு எந்தப் பக்கம் அடர்கிறது, எந்தப் பக்கம் மெலிகிறது என்று பார்க்கட்டும், புல்மோட்டைப் பிள்ளைகளுக்குக் கொக்கிளாய்க் களப்பு இருக்கிறது. வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் அம்மப்பாவிடமும் காட்டிப் பெயர் கேட்டு எழுதட்டும். பார்களுக்கும் திடல்களுக்கும் எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. அந்த அண்ணை ஒரு மாலைக்குள் எனக்குப் பதினேழு பெயர் சொன்னார், அதில் ஐந்தை அவருடைய மகனுக்கே தெரியவில்லை.

நான் சேர்த்து வைத்திருக்கிற இறக்கக்கண்டிப் படங்கள் எல்லாவற்றையும் திகதி எழுதி ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். கேட்கிற பள்ளிக்கூடத்துக்குத் தருவேன், வந்து காட்டியும் தருவேன். வருகிற சித்திரையில் சென்டினல் கடக்கிற ஒரு நாளில், காலை 10.30 மணியளவில், என் மாணவியும் அந்த அண்ணையும் நானும் முகத்துவாரத்தில் மணல் நாக்கின் நுனியிலிருந்து பாலம் வரைக்கும் அளவு நாடா பிடித்து அளக்கப் போகிறோம். மேலே படம் எடுக்கிற அதே நேரத்தில் கீழே அளந்தால்தான் படம் எவ்வளவு பிழைக்கிறது என்று சொல்ல முடியும். நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க இன்னும் இரண்டு பேர் தேவை. வர விரும்புகிறவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாருங்கள், சப்பாத்து வேண்டாம், இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்க வேண்டி வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.